மகளின் வயிறும் ஒரு விரல் பஞ்சாமிர்தமும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களே கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அசிங்கம். எட்டு மாதமாக வயிற்று வலியில் அழுத என் ஒன்பது வயது மகள் ஹரிணியிடம், மஸ்கட்டில் ஏசி அறையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, வீடியோ காலில், "நடிக்காத" என்று சொன்னவன் நான். ஒரு தடவை அல்ல. வாரத்துக்கு ஒரு தடவையாவது.

என்னிடம் ஆதாரம் இருந்தது. திங்கட்கிழமை காலையில் வலிக்கும், சனிக்கிழமை சாயங்காலம் வலிக்காது. கணக்குப் பரீட்சைக்கு வலிக்கும், ஆண்டு விழாவுக்கு வலிக்காது. ரத்தம் பார்த்தார்கள், மலம் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் நார்மல். நான் அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டோர் கீப்பர். காணாமல் போன டின்னை யார் எடுத்தார் என்று பத்து வருஷமாகக் கண்டுபிடிப்பவனுக்கு ஒரு பிள்ளையின் நடிப்பைக் கண்டுபிடிக்கத் தெரியாதா? அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒருநாள் என் மனைவி ஈசுவரி போனில், "ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் பேசுங்க" என்றாள். மூன்று வார லீவில் கிளம்பினேன்.

மதுரை விமான நிலையத்தில் வெளியே வந்து மகளைத் தேடினேன். அவள் எனக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தாள். கவுன் அவளைப் போட்டிருந்த மாதிரி இருந்தது. உள்ளங்கை அளவு திரையில் முகம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. மற்றதெல்லாம் இளைத்துப்போனது அதில் தெரியவே இல்லை. என் பெட்டியில் ஐந்து கிலோ சாக்லேட் இருந்தது. நாலு வாய்க்கு மேல் சோறு இறங்காத பிள்ளைக்கு அப்பன் கொண்டுவந்த மருந்து.

திருமங்கலத்துக்கு மேற்கே, பருத்தியும் சோளமும் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கும் ஊர் எங்களுடையது. வெயிலை நான் மஸ்கட்டோடு ஒப்பிட்டேன். அங்கே வெயில் வெளியில் நிற்கும். கதவைச் சாத்தினால் போய்விடும். இங்கே வீட்டுக்குள் வந்து நம்மோடு உட்கார்ந்து சாப்பிடும். அன்று சாப்பாட்டில் ஹரிணி நாலு வாய் சாப்பிட்டாள். தட்டைத் தள்ளினாள். "போதும்" என்றாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதிதான் எனக்குப் புதிதாக இருந்தது. வீடே பழகிவிட்டிருந்தது.

இரண்டாம் நாளே இரண்டாவது முட்டாள்தனம். எங்கள் பக்கம் பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றால் தொக்கம் எடுப்பார்கள். தின்ற ஏதோ ஒன்று உள்ளே சிக்கிக்கொண்டது, அதுதான் தொக்கம், எடுத்துப் போட்டால் சரியாகும் என்று கணக்கு. ஈசுவரி வேண்டாம் என்றாள். ப்ளஸ் டூ படித்துவிட்டு உள்ளூரில் இருப்பவள் வேண்டாம் என்கிறாள். வெளிநாட்டில் இருந்து வந்த நான், ஒரு வாட்டி பார்த்துவிடலாம் என்கிறேன். நாலு ஊர் தள்ளி ஒரு அம்மாவிடம் போனோம். அவர் ஒரு சின்னக் குழாயை ஹரிணியின் வயிற்றில் வைத்து உறிஞ்சி, பக்கத்துத் தட்டில் ஒரு துணுக்கைத் துப்பினார். கோழிக்கறி என்றார். நான் அதைப் போட்டோ எடுத்து மஸ்கட் அறை நண்பர்களுக்கு அனுப்பினேன்.

"ரெண்டு மாசமா வீட்ல கோழியே எடுக்கல" என்றாள் ஈசுவரி.

நான் விடவில்லை. எனக்கும் எடுக்கச் சொன்னேன். எனக்குப் பட்டாணித் தோல் வந்தது. விமானத்தில் பட்டாணி சாப்பிட்டிருந்தேனே! அதோடு என் நம்பிக்கை மலை உச்சிக்கே போய் உட்கார்ந்துகொண்டது. திரும்பி வரும்போது ஹரிணி ரோட்டோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். அந்த நம்பிக்கை மலையிலிருந்து இறங்கித்தான் நான் வீட்டுக்கு வந்தேன்.

நாலாம் நாள் காளவாசல் பக்கம் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி. வயிறு மட்டுமே பார்க்கும் டாக்டரம்மா. பஸ்ஸில் போனோம். திருமங்கலத்தில் ஏறும்போதே நிற்க இடமில்லை. ஒரு பெரியவர் மடியில் வைத்திருந்த வாழைத்தாரை என் கையில் கொடுத்துவிட்டு ஹரிணியை மடியில் உட்கார வைத்துக்கொண்டார். தாரை நான் மடியில்லாமல் சுமந்துகொண்டு காளவாசல் வரை வந்தேன். இறங்கும்போது அவர், "பழுத்திருக்கும், பாத்துப் புடிங்க" என்றார். பழுத்துத்தான் இருந்தது, என் சட்டையைப் பார்த்தாலே தெரியும்.

இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே போனதும் என் ஆதாரங்களை அடுக்கினேன்: திங்கட்கிழமை, கணக்கு, ஆண்டு விழா. டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். எல்லாம் முடிந்ததும் ஈசுவரி பக்கம் திரும்பி, தூக்கத்தில் இருந்து வலியில் எழுந்திருக்கிறாளா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வாரத்தில் ரெண்டு மூணு நாள் என்றாள் ஈசுவரி. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தூக்கத்துல யாரும் நடிக்க மாட்டாங்க, சார்."

நான் சிரிப்பு காட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. எடை குறைந்திருக்கிறது, தூக்கம் கெடுகிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது. மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு, உள்ளே பார்த்துவிடலாம் என்றார். அது கேமரா வைத்த குழாய். ஊர்ப்பக்கத்துக் குழாயைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. ஈசுவரி சொன்னாள்.

ஏழாம் நாள் விடிய வெறும் வயிற்றோடு வரச்சொல்லியிருந்தார்கள். என் மைத்துனன் பாண்டி தண்ணீர் கேன் போடும் குட்டியானை வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டான். முன்னால் மூன்று பேர் உட்கார வேண்டிய இடத்தில் நாலு பேர். அன்று முகூர்த்த நாள் என்பதை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. திருப்பரங்குன்றத்தில் கல்யாணம் என்றால் ஒன்று இரண்டா? வேன், வேனுக்குப் பின்னால் வேன், நடுவில் மாலையோடு மாட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மாப்பிள்ளை. முக்கால் மணி நேரம் வண்டி நகரவில்லை. ஈசுவரி மூன்று நாளாகத் தூங்காதவள். கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. இறங்கிப் போய் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். பக்கத்தில் ஒரு கல்யாணக் கூட்டத்தில் தொன்னையில் பஞ்சாமிர்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முருகனே கூப்பிட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. வாங்கி வந்து, பாண்டிக்குக் கொஞ்சம், எனக்கு நிறைய, ஹரிணியின் நாக்கில் ஒரு விரல்.

"சாப்பிடக் கூடாதுன்னாங்கல்ல?" என்றாள் அவள்.

"சாமி குடுக்கிறது சாப்பாடு இல்லத்தா" என்றேன்.

இது வேறு ஊர்க்காரனுக்கு விளங்காது. எங்கள் ஊரில் விரதம் இருக்கிறவர்கூட நெற்றிக்கு வந்த திருநீற்றில் ஒரு சிட்டிகையை வாயில் போட்டுக்கொள்வார். தீர்த்தம் தண்ணீர்க் கணக்கில் வராது. பிரசாதம் பசிக் கணக்கில் வராது. இதெல்லாம் நான் யோசித்துச் செய்தது அல்ல. கை தானாகப் போயிற்று. வேண்டாம் என்று சொன்னால்தான் யோசிக்கவேண்டி இருந்திருக்கும். பாண்டிகூட விரலை நக்கிக்கொண்டே தலையாட்டினான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து ஒன்றும் கொடுக்கவில்லையே என்று கேட்டார். தண்ணீர்கூட இல்லை என்றேன். சத்தியமாக நம்பித்தான் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த ஹரிணி, "அப்பா பஞ்சாமிர்தம் குடுத்தாரு" என்றாள்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. ஈசுவரி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க என்னிடம் போதுமான லீவு இல்லை.

வயிற்றில் ஏதாவது இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் அது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம் என்று மயக்க மருந்து டாக்டர் வந்து பொறுமையாகச் சொன்னார். மறுபடி ஆறு மணி நேரம் விடவேண்டும். அதற்குள் அன்றைய பட்டியல் முடிந்துவிடும். அடுத்த இடம் ஐந்து நாள் கழித்து. அவர் போனபிறகு இரண்டு நர்ஸ்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். மஸ்கட்டில் பத்து வருஷம் மலையாளிகளோடு ஒரே அறையில் சமைத்துச் சாப்பிட்டவன் நான். ஒருவர் சொன்னது தமிழில் இப்படி வரும்: "அந்தப் பிள்ளைக்கு இருக்கிற அறிவில் பாதி இவருக்கு இருந்தால் போதும்." இன்னொருவர் சொன்னார்: "பாதி அதிகம்." புரியாத மாதிரி சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்தேன்.

வண்டி திருப்பரங்குன்றம் தாண்டி, திருமங்கலம் தாண்டி, எங்கள் ஊர் விலக்கில் திரும்பியது. அங்கே ஈசுவரி சொன்னாள்:

"உங்களுக்கு அஞ்சு நாளு லீவு போச்சு. அவளுக்கு அஞ்சு நாளு வலி கூடுச்சு."

அந்த ஐந்து நாளும் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவன் என்ன செய்வான், தின்பான். பாண்டியோடு தண்ணீர் கேன் இறக்கப் போகிற சாக்கில் போகிற இடமெல்லாம் தின்றேன். பரோட்டாவும் சால்னாவும், கறிதோசை, ஜிகர்தண்டா, டீக்கடையில் நிற்கும்போது கைக்கு எட்டுகிற வடை. மஸ்கட்டில் ஆறு பேர் அறையில் முறை வைத்துச் சமைக்கும் பருப்பில் பத்து வருஷம் இருந்த பசி எல்லாம் சேர்ந்து வந்தது. ருசித்துத் தின்றேன் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் ஈசுவரியின் முகத்தைப் பார்க்கும் நேரத்தைக் குறைக்கத் தின்றேன். வந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு, மாத்திரை போட்டுக்கொண்டு படுப்பேன். எதிரே ஹரிணி கால் தோசையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அந்த ஐந்தில் மூன்றாவது நாள் மத்தியானம் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எட்டு மாதத்தில் நான் கேட்காத கேள்வியை அன்றுதான் கேட்டேன். எப்படி வலிக்கும்?

அவள் யோசித்துச் சொன்னாள். உள்ளே பலூன் ஊதுகிற மாதிரி இருக்குமாம். நாலு வாயில் நிறைந்துவிடுமாம். நிறைந்தபிறகு எரியுமாம். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு டப்பாவை முடிக்காவிட்டால் மிஸ் நிற்க வைப்பார் என்பதால், மணி அடிக்கும்போதே வலி வந்துவிடுமாம். இதையெல்லாம் போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நடிக்காதம்ப. அதான் சொல்றத விட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தது, கொடியில் துணியை எடுத்துவிட்டேன் என்பது மாதிரி சொன்னாள். நான் ஏதாவது ஜோக் சொல்லப் பார்த்தேன். கடைசி ரெண்டு மாதம் போனில் அவள் 'நல்லா இருக்கேன்' என்று சொன்னபோதெல்லாம், என் கண்டிப்பு வேலை செய்கிறது என்று அறை நண்பர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் மறுபடி கிளம்பினோம். திருப்பரங்குன்றத்தில் ரோடு காலியாக இருந்தது. பாண்டி வேண்டுமென்றே வண்டியை மெதுவாக்கினான்.

"என்ன மச்சான், நிப்பாட்டவா? எறங்கிக் கும்பிட்டுட்டு வாரீகளா?"

"ரோட்டப் பாத்து ஓட்டு மாப்ள" என்றேன். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். முருகன் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. அவர் கோபித்துக்கொண்டாலும், ஈசுவரியின் கோபத்தைவிட அது எவ்வளவோ தேவலை.

ஹரிணியை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலி. நான் ஏர்போர்ட்டுகளில் காத்திருந்திருக்கிறேன், எம்பசி வாசலில் காத்திருந்திருக்கிறேன். அங்கெல்லாம் நேரம் போகாது. இங்கே நேரம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. டாக்டர் வெளியே வந்து, எல்லாம் நல்லபடி முடிந்தது, கண்ணுக்குப் பார்க்க உள்ளே புண் ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாகவேண்டும். அதைக் கேட்டதும் என் மனதில் முதலில் எழுந்தது சந்தோஷம் அல்ல. 'அப்ப நான் சொன்னது சரிதானோ' என்று பழைய ஸ்டோர் கீப்பர் ஒரு விநாடி எழுந்து நின்றான். அவனை நாற்காலியில் உட்கார வைக்கப் பாடுபட்டேன். டாக்டர் அதற்குள், கண்ணுக்குத் தெரியாததும் உண்டு, இரைப்பையிலும் சிறுகுடல் ஆரம்பத்திலும் பொட்டுப் பொட்டாகத் தசை எடுத்திருக்கிறேன், மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

பதினேழாம் நாள் முடிவு வந்தது. சிறுகுடல் ஆரம்பத்தில் அழற்சி. டாக்டர் ஒரு தாளில் படம் போட்டார். உடம்பில் காவல்காரர்கள் மாதிரி சில அணுக்கள் இருக்கின்றன. கிருமியோ ஒவ்வாததோ வந்தால் ஓடிவந்து விரட்டும். சில பிள்ளைகளுக்குத் திருடன் போனபிறகும் காவல்காரர்கள் போவதில்லை. கூட்டம் கூட்டமாக அங்கேயே தங்கிவிடுகிறார்கள். அவர்கள் விடுகிற சரக்கு பக்கத்தில் இருக்கும் நரம்பைச் சீண்டிக்கொண்டே இருக்கும். சாப்பாடு வரும்போது இரைப்பை விரிந்து கொடுக்கவேண்டும். அது விரியாமல் இறுகி நிற்கும். அதனால்தான் நாலு வாயில் நிறைவதும் பிறகு எரிவதும். ரத்தத்திலும் ஸ்கேனிலும் இது தெரியவேண்டும் என்பதில்லை.

"அப்ப திங்கக்கிழமை?" என்று கேட்டேன். விடுவேனா.

"பயந்தா வலி கூடும். வலிச்சா பயம் கூடும். ரெண்டும் நிஜம்" என்றார். மனசு பதறும்போது குடலில் இருக்கிற சில அணுக்களும் பதறுமாம். அதனால் மருந்து பாதிதான். அமிலத்தைக் குறைக்க ஒன்று, ஒவ்வாமைக்குக் கொடுக்கிற வகையில் ஒன்று, சில வாரங்களுக்கு. சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை. பள்ளிக்கூடத்தில் டப்பாவை முடிக்கச் சொல்லி நிற்க வைக்கக் கூடாது என்று அவரே ஒரு கடிதம் எழுதினார். இப்படி வயிறு வலிக்கிற எல்லாப் பிள்ளைக்கும் இந்த அழற்சி இருப்பதில்லை, இருக்கிற பிள்ளை எல்லாருக்கும் ஒரே மருந்து கேட்பதும் இல்லை, இதைப் பற்றிப் படித்தவர்களுக்குள்ளேயே இன்னும் பேச்சு ஓயவில்லை என்றும் ஒளிக்காமல் சொன்னார். கடைசியாக ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். என்றைக்கு, எப்போது, எவ்வளவு வலித்தது என்று ஹரிணியே அதில் எழுதவேண்டும். நாங்கள் நிமிஷத்துக்கு ஒரு தடவை 'வலிக்குதா, வலிக்குதா' என்று கேட்கக் கூடாது. அவள் சொன்னால் நம்பவேண்டும். அவள் சொல்வதை வைத்துத்தான் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் என்றார்.

அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் ஈசுவரி அழுதாள். நோய் என்று எழுதிக் கொடுத்ததற்கு அழுகிறாளோ என்று நினைத்தேன். வெளியே வந்து சொன்னாள். எட்டு மாதமாக நார்மல் என்றே எல்லாரும் எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளை பொய் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்தது இந்த ஒரு தாள்தானாம்.

மீதி நாட்கள் மருந்து நேரத்தில் போயின. அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. மருந்து தொடங்கி மூன்றாம் நாளும் வலித்தது. நோட்டில் ஹரிணி வலி இருந்தால் சுளித்த முகமும் இல்லாவிட்டால் சிரித்த முகமும் வரைந்தாள். சுளித்த முகம்தான் அதிகம். நாலாம் நாள் ஒரு இட்லியை முழுதாக முடித்தாள். நானும் ஈசுவரியும் பாண்டியும் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரு முகத்தை வரைந்து, அதைச் சிரிக்கவும் விடாமல் சுளிக்கவும் விடாமல், வாயை நேர்கோடாக இழுத்துவிட்டாள்.

கிளம்பும் நாள் வந்தது. விமான நிலையத்துக்குப் போகிற வழியில் பாண்டி வண்டியை நிறுத்தினான். இனி எப்போதோ என்று பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை இரண்டு தடவை ஊற்றி, கேட்ட வயிற்றுக்கும் கேட்காத வயிற்றுக்கும் சேர்த்துத் தின்றேன். விமான நிலைய வாசலில் பெட்டியை இறக்கும்போது நெஞ்சில் பந்தம் கொளுத்தின மாதிரி எரிந்தது. வயிறு இழுத்துப் பிடித்தது. மாத்திரை பெட்டிக்குள், பெட்டியைச் சுற்றி டேப். ஈசுவரி தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். பாண்டி தள்ளுவண்டி தேடிப் போயிருந்தான். நான் அப்படியே தரையில் குந்திவிட்டேன்.

ஹரிணி பக்கத்துத் திண்டில் உட்கார்ந்து நோட்டில் அன்றைய முகத்தை வரைந்துகொண்டிருந்தாள்.

"ஆத்தா, அப்பாவுக்கு வயித்த ரொம்ப வலிக்குது" என்றேன். இந்தத் தடவை ஜோக் இல்லை.

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். பென்சிலை நிறுத்தவில்லை.

"நடிக்காதப்பா."